ஒரே குடும்பத்துப் பையன்களுக்கு அடிக்கடி நிமோனியா வருவது ஏன்?

தாய்மாமன் சிறுவயதில் நிமோனியாவில் இறந்தார், இப்போது உங்கள் மகன்கள் இருவருக்கும் அதே தொல்லை, இது பரம்பரையா என்று கேட்கிறீர்கள். கிருமி பரம்பரையாக வராது. அதை எதிர்க்க முடியாத குறை வரலாம்.

1952-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், நிமோனியா தரும் நியூமோகாக்கஸ் பாக்டீரியா தொற்றால் திரும்பத் திரும்பப் படுத்த 8 வயதுப் பையனின் ரத்தத்தைப் பார்த்தார். கிருமியை எதிர்க்கும் புரதமான காமா குளோபுலினே இல்லை. இந்தக் குறைக்குக் காரணம் பிடிகே என்ற மரபணுவில் உள்ள பழுது. அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும்; ஆணுக்கு ஒன்றுதான். அதனால்தான் அம்மா நலமாக இருப்பார், ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முதல் சில மாதங்கள் தாய் தந்த எதிர்ப்புப் புரதம் காக்கும். அப்புறம்தான் காதில் சீழ், நிமோனியா எல்லாம். வாயைத் திறந்து பார்த்தால் டான்சில் இருக்கிற சுவடே தெரியாது.

தயவுசெய்து தள்ளிப்போடாமல் இருவருக்கும் ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் (அந்த எதிர்ப்புப் புரதம்) அளவைப் பார்த்துவிடுங்கள். குறைவாக இருந்தால் அந்தப் புரதத்தையே தொடர்ந்து ஏற்றலாம்.