குலசேகரப்பட்டினம் ஏவுதளம்: கேட்டதும் சொன்னதும்

திருச்செந்தூர் வாசகர்: ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது எங்கள் பக்கம் இன்னொரு ஏவுதளம் எதற்கு சார்? பூமத்திய ரேகை பக்கம் என்பதாலா?

பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கணக்கு வேறு. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கக் கூடும் பூமியின் சுழற்சி வேகம் கிழக்கே பாயும் ராக்கெட்டுக்குத்தான் கைகொடுக்கும். ஸ்ரீஹரிகோட்டாவில் அது நொடிக்குச் சுமார் 452 மீட்டர், குலசை என்கிற குலசேகரப்பட்டினத்தில் 460. இந்த எட்டு மீட்டருக்காக யாராவது ஏவுதளம் கட்டுவார்களா? அதோடு, குலசைக்கு நேர்கிழக்கே இலங்கை மறிக்கிறது.

குலசையின் பலம் தெற்கே விரிந்து கிடக்கும் வெறுங்கடல். பூமியைப் படம்பிடிக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் துருவப் பாதையில், அதாவது வட, தென் துருவங்களின் பக்கமாகச் சுற்றுபவை; அவற்றைத் தெற்கு நோக்கி ஏவ வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேராகத் தெற்கே ஏவினால் வழியில் இலங்கை. எரிந்து முடிந்த பாகங்கள் ஊர்மேல் விழக்கூடாதே! அதனால் தென்கிழக்கே போய், இலங்கையைத் தாண்டி, வலப்பக்கம் திரும்ப வேண்டும். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குத் திருநெல்வேலி வழியாகப் போகிற கதைதான். பெரிய ராக்கெட்டான பிஎஸ்எல்வி அந்த எரிபொருள் செலவைத் தாங்கும். சின்ன ராக்கெட்டான எஸ்எஸ்எல்விக்குக் கட்டுப்படியாகாது. சுமக்கும் எடை குறைந்துவிடும். 2024 பிப்ரவரி 28 அன்று குலசையில் அடிக்கல் நட்டது எஸ்எஸ்எல்வியை மனதில் வைத்துத்தான்.

கல்லூரி மாணவி: அப்படியானால் ஸ்ரீஹரிகோட்டாவை மெல்ல மூடிவிடுவார்களா?

பேச்சுக்கே இடமில்லை. 1971-ல் ரோகிணி ஆய்வு ராக்கெட்டில் தொடங்கிய இடம், 2025 ஜனவரி 29 அன்று 100-வது ஏவுதலைப் பார்த்தது. அதே மாதம் மூன்றாவது ஏவுதளத்துக்குச் சுமார் 3,985 கோடி ரூபாய்க்கு ஒப்புதலும் கிடைத்தது. சந்திரயான்-3 சென்ற எல்விஎம்3 ராக்கெட்டின் இரு பக்கமும் நிற்கும் பூஸ்டர்களில் தலா 200 டன்னுக்கு மேல் திட எரிபொருள் இருக்கும். அதை வார்ப்பதும் அங்கேதான். இதையெல்லாம் பெயர்த்து எடுத்துவர முடியுமா?

இன்னொருவர்: தும்பா?

திருவனந்தபுரம் பக்கத்தில் இருக்கிறது, 1963 முதல் ஆய்வு ராக்கெட்டுகளுக்கான இடம். பூமியின் காந்த நடுக்கோடு அருகே போவதால் தேர்ந்தெடுத்தார்கள். செயற்கைக்கோள் ஏவும் தளமில்லை.

மற்றொரு வாசகர்: ஏவுதலை நேரில் பார்க்கலாமா?

ஸ்ரீஹரிகோட்டாவில் 2019 முதல் பார்வையாளர் மாடம் இருக்கிறது. இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். சூலூர்பேட்டையில் ரயிலிறங்கிப் போகலாம்.

குலசை பக்கத்து மணப்பாட்டிலிருந்து ஒரு மீனவர்: எங்கள் படகுகள் கடலுக்குப் போகலாமா அண்ணா?

ஏவும் நாளில் ராக்கெட்டின் பாதைக்குக் கீழே உள்ள கடலுக்குள் போகக்கூடாது என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். ஸ்ரீஹரிகோட்டா பக்கத்துப் பழவேற்காடு மீனவர்களுக்கு இது பழகிய விஷயம். ஆனால் ஏவுதல் தள்ளிப்போனால் தடையும் இன்னொரு நாளுக்கு நகரும்; அன்றைய பாடும் போச்சு. இதற்கு நஷ்டஈடு என்னவென்று ஏவுதல் தொடங்குவதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி.