நியூட்டன் பிறந்தது 1642-ஆ, 1643-ஆ?

இரண்டுமே சரிதான். 1642 டிசம்பர் 25 என்பது அப்போது இங்கிலாந்தில் புழங்கிய ஜூலியன் நாட்காட்டித் தேதி. அதே நாள், இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் கணக்கில் 1643 ஜனவரி 4.

'கலிலியோ இறந்த வருடமே நியூட்டன் பிறந்தார்' என்ற வரிதான் உங்களைக் குழப்பியிருக்கும். கலிலியோ இறந்த 1642 ஜனவரி 8 கிரிகோரியன் தேதி. ஜூலியனில் அது 1641 டிசம்பர் 29. ஆக, எந்த ஒரு நாட்காட்டியை மட்டும் வைத்துப் பார்த்தாலும் வருடம் ஒன்றாக வராது. இவ்வளவு பரவிய தகவல் இரண்டு கணக்கைக் கலந்ததால் வந்தது என்பதை அவசியம் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படி இரண்டு தேதி கண்ணில் பட்டால் முந்தையதோடு 10 நாள் கூட்டிப் பாருங்கள். மற்றது வந்துவிட்டால் நாட்காட்டிதான் காரணம்.

ஆனால் 10 நாள் வித்தியாசம் 1700 பிப்ரவரி வரைதான். அப்புறம் 11 ஆகிறது. 1917 ரஷ்யப் புரட்சிக்கு 13.