கொச்சி அருகே மூழ்கிய கப்பலுக்கும் லைபீரியாவுக்கும் என்ன சம்பந்தம்?

2025 மே மாதம் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சம்பந்தம், அது ஏற்றியிருந்த கொடி.

துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் பின்புறத்தைப் பாருங்கள். பெயருக்குக் கீழே லைபீரியாவின் தலைநகரான 'மன்ரோவியா' என்றிருந்தால் அது லைபீரியப் பதிவு. முதலாளி கிரேக்கராக இருக்கலாம். கப்பல் மன்ரோவியாவை எட்டிக்கூடப் பார்த்திருக்காது. பதிவேட்டை நடத்துவதே அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள ஒரு நிறுவனம்தான்!

இருந்தாலும் சோதனை, சான்றிதழ், விபத்து விசாரணை எல்லாம் சட்டப்படி கொடி நாட்டின், அதாவது கப்பல் பதிவான நாட்டின் கடமை. 1967இல் லைபீரியக் கொடியுடன் வந்த டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல், இங்கிலாந்தின் கார்ன்வால் அருகே பாறையில் ஏறியது. ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கச்சா எண்ணெய் அதில் இருந்தது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகே கடல் மாசைத் தடுக்கும் மார்போல் ஒப்பந்தம் 1973இல் உருவானது. உலகக் கப்பல் கொள்ளளவில் பாதியையாவது வைத்திருக்கும் 15 நாடுகள் சேர்ந்தால்தான் அது செல்லும் என்பது நிபந்தனை. ஏராளமான கப்பல்களைத் தன் பதிவில் வைத்திருந்த சின்னஞ்சிறு லைபீரியாவின் கையெழுத்துக்கு எவ்வளவு கனம், பாருங்கள்! ஒப்பந்தம் 1983இல்தான் நடைமுறைக்கு வந்தது.

கொடி நாட்டை மட்டும் நம்புவதில்லை. எந்தக் கொடியானாலும், துறைமுக ஆய்வாளர் கப்பலில் ஏறி, எண்ணெயைக் கையாண்ட விவரங்களை எழுதிவைக்கும் எண்ணெய்ப் பதிவேட்டைப் புரட்டுவார். பெரிய குறை கண்டால் கப்பலை நிறுத்திவைப்பார்.