டியூஷன் யாருக்குத்தான் இல்லை?

கேள்வி: 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ். இடம் கொடுத்தாயிற்று, கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இப்போது கல்லூரியிலும் தனிப் பயிற்சி வேண்டுமாம். டாக்டருக்குப் படிப்பவர்களுக்கு எத்தனை நாள்தான் ஊட்டிவிடுவது?
- ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: கேள்வி நாமக்கல்லிலிருந்து வந்திருப்பதை ரசித்தேன். பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தி, விடியற்காலை முதல் இரவு வரை பிள்ளைகளை விடுதியில் உட்காரவைத்துப் படிக்கவைத்த ஊர் உங்களுடையது. அதற்குப் பெயர் கோச்சிங். பணம் கட்டாதவர்களுக்குச் செய்தால் மட்டும் ஊட்டிவிடுவதா?

2020-இல் இந்த உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்த அரசுப் பள்ளி மாணவர்கள் 6 பேர். சட்டம் வந்ததும் 300-க்கு மேல் இடங்கள். சரி, உள்ளே போயாயிற்று. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், மூன்றும் ஆங்கிலத்தில். நான்கு முயற்சிகளுக்குள் முதலாண்டைத் தேறாவிட்டால் படிப்பைத் தொடர முடியாது என்பது விதி.

‘கோரகோபிரேக்கியாலிஸ்’ என்கிற தசைப்பெயர் கான்வென்ட் பிள்ளைக்கும் புதிதுதான், மனப்பாடம் செய்துவிடலாம். ஒரு நரம்பு அந்தத் தசையைத் துளைத்துக்கொண்டு போகிறதா, ஒட்டிக்கொண்டு போகிறதா என்று சொல்லும் சாதாரண ஆங்கில வினைச்சொல்லில்தான் தமிழ்வழியில் படித்தவள் தடுக்கி விழுகிறாள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் நரம்பைச் சரியாகத் தொட்டுக் காட்டுவாள், வாக்கியம் வராது. தேர்வாளர் ‘தெரியவில்லை’ என்று எழுதிக்கொள்வார்.

இதற்குக் கோடிக்கணக்கில் திட்டம் வேண்டாம். முதல் சில மாதங்கள், மாலையில் ஒரு மணி நேரம், அன்றைய பாடத்தைத் தமிழில் பேசிப் பார்க்க ஒரு சீனியர் போதும். கூடவே மாதிரி வைவா. ஆனால் இன்டர்னல் தேர்வில் தோற்ற பிறகு, ஒதுக்கீட்டுப் பட்டியலை வகுப்பில் உரக்கப் படித்துத் தனி அறைக்கு அனுப்பும் ‘சிறப்பு வகுப்பு’ மட்டும் வேண்டவே வேண்டாம். வருகிறவர் எவரானாலும் உட்காரட்டும். டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு, ஆசிரியர்களின் ஆதரவு போதவில்லை என்பதோடு விடுதியிலும் அவர்கள் ஒதுக்கப்பட்டதை 2007-இலேயே பதிவு செய்தது. உதவி செய்கிறேன் என்று அதையே இங்கும் செய்துவைக்காதீர்கள்.

இன்னொன்று. வார்டுக்குப் போனதும் ஒரு பாட்டி நெஞ்சுக் கரிப்பு என்பார், கிறுகிறுப்பு என்பார், காந்தல் என்பார். கான்வென்ட் நண்பர் அர்த்தம் கேட்டு இவளிடம்தான் வருவார். அதையும் ஊட்டிவிடுவது என்பீர்களா?