மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாமா?

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் என் கணவருக்கு மாமியார் சிறுநீரகம் கொடுத்தார். இப்போது ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) 1.2, ஆள் தெளிவாக இருக்கிறார். "இத்தனை மாத்திரை போட்டால் புதுக் கிட்னியும் கெட்டுப்போகும், பாதியாகக் குறை" என்கிறார்கள் உறவினர்கள். நேரத்துக்கு மாத்திரையை நினைவூட்டினால் அவரும் எரிந்து விழுகிறார். என்ன செய்வது?
– வாசகி, விழுப்புரம்

பதில்: டாக்டர் சொல்லாமல் அரை மாத்திரைகூடக் குறைக்காதீர்கள், சகோதரி. பெற்ற தாய் கொடுத்ததானாலும் உங்கள் கணவரின் உடம்புக்கு அந்தச் சிறுநீரகம் அந்நியம்தான். எதிர்ப்புச் சக்தி அதைத் தாக்காமல் தடுப்பவை டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள். அவர் தெளிவாக இருப்பதே அவற்றால்தான். குறைத்தால் உடனே வலி எதுவும் தெரியாது. கிரியேட்டினின் சத்தமில்லாமல் ஏறும். சிறுநீர் குறைந்து கால் வீங்கும்போது பெரும் சேதம் நடந்திருக்கும். உறுப்பு மாற்றுப் பிரிவில் செவிலியராக இருந்தபோது, நன்றாக நடமாடியவர்கள் இப்படி மறுபடி டயாலிசிஸுக்குத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கண்டிப்பு அதனால்தான்.

உறவினர்கள் சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு. டாக்ரோலிமஸ் அளவு மிஞ்சினால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதற்காகத்தான் ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கிறார்கள். பலர் சறுக்குவதும் இங்கேதான். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால், அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்; அதை நம்பி டாக்டர் மருந்தைக் குறைத்துவிடுவார். தினம் இரு வேளை இந்த மாத்திரை போடுபவர், இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் ஆனபின் ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையைச் சின்ன டப்பாவில் கையோடு கொண்டுபோய், ரத்தம் எடுத்ததும் அங்கேயே போட்டுக்கொள்ளட்டும்.

பம்பளிமாஸ் பழம் வேண்டாம். அது இந்த மருந்தின் அளவை ஏற்றிவிடும். மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் நாட்டு மருந்தும் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அவர் கோபத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் காரணமாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் குணமாகி நடமாடும் மனிதரைச் சின்னப் பிள்ளைபோல் விரட்டினால் யாருக்கும் எரிச்சல் வரும். பொறுப்பை அவர் கையில் கொடுங்கள். மாத்திரையின் பெயர், போட்ட நேரம், எடை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் அவரே எழுதட்டும். கைப்பேசியில் அலாரமும் அவரே வைக்கட்டும். இரவில் ஒருமுறை நோட்டைப் பார்த்துவிட்டு நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள். உங்கள் உடம்பும் முக்கியம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. சிறுநீரகம் கொடுத்த மாமியாருக்கும் ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அதை மறந்துவிடுகிறார்கள்.

மாத்திரையைக் குறைக்கச் சொல்லும் உறவினர்களில் ஒருவரை அடுத்த பரிசோதனைக்கு உடன் அழைத்துப் போங்கள். சந்தேகத்தை அவரே டாக்டரிடம் கேட்கட்டும்.