கூத்துக்காரர் வீடு (கடிதமும் பதிலும்)

வணக்கம் ஐயா,

கூத்து பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். விடிய விடிய ஆடுகிறவர்களைப் பற்றி நிறைய இருந்தது. விடிந்ததும் அவர்கள் போய்ப் படுக்கிற வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் அப்படி ஒரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். பிறந்தது சென்னை. மாமனார் செய்யாறு பக்கத்தில் கூத்துக்காரர், ராஜா வேஷம் கட்டுபவர். பங்குனி பிறந்தால் வீட்டில் ராத்திரியும் பகலும் இடம் மாறிவிடும். அவர் தூங்குவார், குழந்தை சத்தம் போடக் கூடாது, டிவி கூடாது. என் கணவர் "இதெல்லாம் அப்பாவோட சரி" என்கிறார். ஏழு வயது மகளோ முறத்தைத் தோளில் கட்டிக்கொண்டு துரியோதனனாகச் சுற்றுகிறாள். தாத்தா பார்த்து ரசிப்பார், சொல்லிக்கொடுங்கள் என்றால் "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு" என்பார். எனக்குப் புரியாதது மாமியார்தான். கல்யாணமாகி 35 வருடத்தில் மாமனார் ஆடுவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையாம். அது கோபமா? அப்புறம், இதைத் தெருக்கூத்து என்பதா, கட்டைக்கூத்து என்பதா?

(பெயர் வேண்டாம்.)

*

வணக்கம்.

வீட்டைப் பற்றி எழுதவில்லை என்பது உண்மைதான். நாங்கள் எல்லாம் திரைக்கு முன்னால் பாய் போட்டு உட்கார்ந்தே வளர்ந்தவர்கள், ஆட்டக்காரருக்கு வீடு என்று ஒன்று இருக்கும் என்பதே சின்ன வயதில் தோன்றியதில்லை.

பெயர்க் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் செய்யாறு பக்கத்துப் புரிசை ஊர்க் கூத்துக்காரர்கள் தங்கள் மன்றத்தின் பெயரிலேயே தெருக்கூத்து என்று வைத்திருக்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கம் பெ. இராஜகோபாலும் ஹன்னா டி ப்ரூயினும் 1990-இல் சங்கம் தொடங்கியபோது கட்டைக்கூத்து என்ற பெயரை எடுத்துக்கொண்டார்கள். கட்டை என்பது கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் சேர்ந்தது. கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு ஒட்டி வைப்பார்கள். கட்டை கட்டி ஆடுகிற வேஷங்கள்தான் இந்தக் கூத்தின் தனி அடையாளம், தெரு என்பது அதைக் குறைத்துச் சொல்கிறது என்பது அவர்கள் வாதம். எனக்கு அந்த வாதத்தில் நியாயம் தெரிகிறது, ஆனாலும் பேச்சில் தெருக்கூத்து என்றுதான் வருகிறது, பழக்கம். உங்கள் மாமனார் இரண்டையும் சொல்ல மாட்டார், "கூத்து இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பையை எடுப்பார்.

தூக்க விஷயத்தில் நான் அவர் பக்கம். ராத்திரி பத்து மணிக்கு ஆட்டம் என்றால் எட்டு மணிக்கே கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு முகம் எழுத உட்கார வேண்டும், அவரவர் முகத்தை அவரவரே. தோளில் கட்டையை இறுக்கிக் கயிறு போட்டுக் கட்டிய தடம் மறுநாளும் மறையாது. அதிலும் திரௌபதி அம்மன் திருவிழாவில் துரியோதனன் கட்டுகிறவருக்குப் பதினெட்டாம் போர் அன்று இரட்டை வேலை: ராத்திரி முழுக்க ஆடி, விடிந்ததும் அதே வேஷத்தோடு படுகளத்துக்குப் போய், ஊரார் மண்ணில் வடித்து வைத்திருக்கிற பெரிய துரியோதனன் மேலே ஏறி நின்று வெயிலில் மிச்சத்தை ஆட வேண்டும். அப்புறம் தேங்காய் எண்ணெய் தேய்த்து முகத்தைக் கழுவி, பஸ் பிடித்து வந்து, சாயங்காலம் வேறு ஊர். டிவி பத்து நாள் ஓடாமல் இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

"அப்பாவோட சரி" என்று உங்கள் கணவர் சொல்வதை நான் கலை அழிகிற புலம்பலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அது கணக்குத் தெரிந்த பிள்ளையின் பேச்சு. ஊரில் தலைக்கட்டு வரி போட்டுத் திருவிழா நடத்தி, ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்து, ஆட்டம் முடிந்ததும் வருகிற காசு பங்கு பிரித்துக் கைக்கு வரும். அதெல்லாம் தையிலிருந்து ஆடி வரைக்கும். மழைக்காலத்தில் என்ன? யாராவது இறந்தால் கருமாதி ராத்திரிக்குக் கர்ண மோட்சம் வைப்பார்கள், அதற்குக் கூப்பிடுவார்கள். மழை பெய்கிற ஐப்பசியில் அப்பாவின் போன் அடித்தால் எங்கேயோ சாவு, அந்த வாரம் அரிசிக்குக் கவலையில்லை என்று தெரிந்துகொண்டு வளர்ந்த பையன் அவர். அவரைப் போய்க் கலையைக் காப்பாற்றச் சொல்ல எனக்கு வாய் வராது.

பேத்தி விஷயம் வேறு. பெண் வேஷத்தையே ஆண்கள்தான் கட்டினார்கள் என்பதால் உங்கள் மாமனார் கண்ணுக்கு அது வழக்கமில்லாத வழக்கம். ஆனால் காஞ்சிபுரம் பக்கத்துப் புஞ்சரசந்தாங்கலில் மேலே சொன்ன சங்கத்தார் 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலம் நடத்தினார்கள், பள்ளிப் படிப்பும் கூத்தும் சேர்த்து. இராஜகோபால் தானே சின்ன வயதில் பள்ளியை விட்டுவிட்டுக் கூத்துக்கு வந்தவர், பிள்ளைகளுக்கு அப்படி ஆகக் கூடாது என்று நினைத்திருக்கிறார். அங்கே பெண்பிள்ளைகளும் படித்தார்கள், கட்டை கட்டி ராஜா வேஷமே ஆடினார்கள். இப்போது அது இல்லை. ஆனால் உங்களுக்குக் குருகுலமும் வேண்டாமே, வாத்தியார் வீட்டிலேயே தூங்கிக்கொண்டிருக்கிறார்! ஆவணியில், வேலையில்லாத நாளில், "தாத்தா, கூத்துல திரைக்குப் பின்னால நின்னு பாடுவியே, அந்தப் பாட்டு மட்டும்" என்று குழந்தையே கேட்கட்டும். நீங்கள் கேட்காதீர்கள்.

மாமியார். கோபமா என்று எனக்கெப்படித் தெரியும்? ஆனால் கூத்துக்காரர் சம்சாரம் ஊர் ஊராகப் பின்னால் போகிற வழக்கம் கிடையாது. வீட்டில் மாடு இருந்திருக்கும், பிள்ளைகள் இருந்திருக்கும். அதுவும் தவிர, தன் புருஷனைத் துச்சாதனன் என்று ஊரே திட்டுகிற இடத்தில் போய் எந்தப் பெண் உட்காருவாள்? துகிலுரியும் முன் அந்த வேஷக்காரரே திரௌபதிக்குக் கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் சேலையில் கை வைப்பார். ஆடுகிறவருக்கே அவ்வளவு பயம்.

பார்த்ததில்லை என்றால் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு கூத்துக்காரர் இருந்தார், கர்ணன் கட்டுவார். போருக்குப் போகும் முன் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடை கேட்கிற கட்டம் இருக்கிறதே, அதைத் திண்ணையில் உட்கார்ந்து பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார், பாதியில் அடி மறந்துவிட்டது. உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவர் சம்சாரம், முறத்தை நிறுத்தாமலே அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார், ராகத்தோடு. அவரும் கூத்துப் பார்த்தவர் இல்லை.

உங்கள் மாமியாரிடம் பொன்னுருவி பாட்டு தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். மாமனார் தூங்குகிற நேரமாக இருந்தால் நல்லது. என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.