பி.இ. முடித்த மகள் வக்கீலுக்குப் படிக்கப்போகிறாளாம்!

ஐயா,

ஈசிஇ முடித்து, நல்ல சம்பளத்தில் இருக்கும் மகள் வேலையை விட்டுவிட்டு எல்.எல்.பி. சேரப்போகிறேன் என்று சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "நாலு வருஷம் கட்டின ஃபீஸ் தண்டம்தானே?" என்பது உங்கள் கேள்வி. தண்டம் இல்லை. நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்று. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இன்ஜினீயர் வக்கீலுக்குக் கோர்ட்டில் என்ன வேலை? சென்னை உயர் நீதிமன்றத்திலேயே நடந்த பஜாஜ் - டிவிஎஸ் வழக்கைப் பாருங்கள். டிவிஎஸ் 2007-ல் ஃப்ளேம் என்ற 125 சிசி பைக்கைக் கொண்டுவந்தது. சின்ன இன்ஜினில் எரிபொருளைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் இரண்டை வைக்கும் முறைக்குக் காப்புரிமை (பேடன்ட்) எங்களுடையது என்றது பஜாஜ். எங்கள் இன்ஜினில் மூன்று வால்வு, அதன் அமைப்பே வேறு என்றது டிவிஎஸ். 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி தடை விதித்தார். 2009 மே மாதம் இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2019-ல் சமரசத்தில் முடிந்தது.

அந்தக் காப்புரிமையில் சிலிண்டரின் உள்விட்டம் 45 மில்லிமீட்டரிலிருந்து 70 மில்லிமீட்டர்வரை என்று எழுதியிருக்கும். அந்த எண் ஏன் அங்கே இருக்கிறது, எரிபொருள் குறைந்த கலவையை எரிக்க இரண்டாவது பிளக் எதற்கு, வால்வு ஒன்று கூடினால் எது மாறும் என்பதையெல்லாம் நீதிபதிக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். இன்ஜினீயரிங் படித்தவருக்கு இதில் கை ஓங்கித்தான் இருக்கும்.

காப்புரிமை மட்டுமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். ஒரு பகுதியை ஆதாரம் தருபவரும், இன்னொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும். ஃபைலின் ஹேஷ் மதிப்பையும், அதாவது அதன் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும் கைரேகை போன்ற குறியீட்டையும், குறிப்பிட வேண்டும். ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும் என்பது உங்கள் மகளுக்குச் சாதாரண விஷயம். எதிர்த்தரப்பு நிபுணரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கும்போது அந்தச் சாதாரண விஷயம்தான் கைகொடுக்கும்.

சரி, வழி என்ன? மூன்று வருட எல்.எல்.பி., நேரடியாகக் கல்லூரிக்குப் போய்ப் படிப்பது. தபாலில் வாங்கிய சட்டப் பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. விளம்பரம் பார்த்து ஏமாற வேண்டாம். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு உண்டு. பெங்களூரு தேசியச் சட்டக் கல்லூரிக்குத் தனி நுழைவுத் தேர்வு. கரக்பூர் ஐஐடியின் சட்டப் பள்ளி காப்புரிமை போன்ற அறிவுசார் சொத்துரிமைக்கென்றே தொடங்கப்பட்டது. படித்து முடித்ததும் பார் கவுன்சில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு.

ஆனால் நான் சொல்வது, முதலில் பேடன்ட் ஏஜென்ட் தேர்வு எழுதட்டும். அதற்குச் சட்டப் பட்டம் வேண்டாம், பி.இ. போதும். தேறினால் காப்புரிமை அலுவலகத்தில் கட்சிக்காரருக்காக ஆஜராகலாம். கோர்ட்டில் வாதாட முடியாது, அவ்வளவுதான். சென்னையில் அந்த அலுவலகம் கிண்டியில்தான் இருக்கிறது. தேர்வு வருடம் தவறாமல் நடப்பதில்லை, அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். காப்புரிமை ஆவணங்களை மாதக்கணக்கில் படித்தும் அலுக்கவில்லை என்றால் தாராளமாகச் சட்டம் சேரட்டும். வேலை சலித்துப்போய்த்தான் இந்த முடிவு என்றால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும்.

இப்போது வருமானம். சீனியரிடம் சேரும் முதல் சில வருடங்கள் கஷ்டம்தான். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். பகலில் ஐடி வேலை, ஓய்வு நேரத்தில் வக்கீல் தொழில் என்பதும் நடக்காது; முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்ய பார் கவுன்சில் விதி இடம் தராது. படிக்கும் மூன்று வருடத்தையும் சேர்த்து, ஐந்தாறு வருடத்துக்கு அவளுடைய சம்பளம் இல்லாமல் வீடு ஓடுமா? இதை அவளோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

கல்விக் கடன் பாக்கி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அது பெரிய தொகை என்றால், கடன் அடையும்வரை வேலையில் இருந்துகொண்டே ஏஜென்ட் தேர்வுக்குப் படிக்கட்டும். எல்.எல்.பி.க்கு இரண்டு வருடம் தள்ளிப் போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.